பழைய ஆங்கிலேயப் பீங்கான்: அடியைப் பார்த்து விலை பேசுவோம்

நமது சங்க இதழில் வரி, எடை, சட்டம், சரக்கு நிலவரம் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை பீங்கானைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. காரணம் உண்டு. மதுரையைச் சுற்றியும், மேலூர், திருப்பத்தூர் தாண்டிச் செட்டிநாடு வரையிலும் பழைய வீடுகள் பாகம் பிரிந்துகொண்டிருக்கின்றன. பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கப்படுகின்றன. அங்கே கிடைக்கும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் தராசு உண்டு. தேக்குக்கு அளவு உண்டு. பீங்கானுக்கு மட்டும் எந்த அளவுகோலும் கிடையாது. "உடைகிற சாமான்தானே" என்று கூடையில் அள்ளிப் போட்டு, மொத்தமாக ஒரு விலை பேசி முடித்துவிடுகிறார்கள்.

நம் வணிகர்களுக்கு இதில் மூன்று வகையில் சம்பந்தம் உண்டு. சிலர் வீட்டுப் பரணிலேயே இப்படிப்பட்ட சாமான் இருக்கிறது. சிலர் பாத்திரக் கடையும் பீங்கான் கடையும் நடத்துகிறார்கள். மூன்றாவது வகைதான் முக்கியம். "நீங்கள் வியாபாரி, நியாயமாக ஒரு விலை சொல்லுங்கள்" என்று உறவினர்களும் அண்டை அயலாரும் பாகப்பிரிவினைக்கு நம்மை அழைத்துப்போகிறார்கள். நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு விதவைப் பெண்ணின் பங்கு கூடலாம், குறையலாம். தெரியாமல் விலை சொல்வது தராசில் கல் குறைத்து நிறுப்பதற்குச் சமம். ஆகவே பழைய ஆங்கிலேயப் பீங்கானை, குறிப்பாகப் 'போன் சைனா' எனப்படும் எலும்புச் சாம்பல் பீங்கானை, இனம் கண்டு மதிப்பிடும் முறையை இங்கே பாடமாகத் தருகிறோம்.

நம் பக்கம் எப்படி வந்தது?

மதுரைப் பக்கத்தில் வெள்ளைக்காரர் பங்களாக்கள், மில் அதிகாரிகளின் குடியிருப்புகள், கொடைக்கானல் மாளிகைகள் ஆகியவற்றில் இங்கிலாந்துப் பீங்கான் புழங்கியது. அவர்கள் ஊர் திரும்பும்போது ஏலம் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் அதிக அளவில் சேர்ந்த இடம் செட்டிநாடுதான். பர்மா, இலங்கை, மலேயா ஆகிய இடங்களில் கொண்டுவிற்ற நகரத்தார், அங்கிருந்து தேக்கைக் கொண்டுவந்தார்கள். இத்தாலியிலிருந்து பளிங்குக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து எனாமல் சாமானும், ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பீங்கானும் வந்து சேர்ந்தன. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் சாமான்களை வரிசையாகப் பரப்பிக் காட்டுவது அங்கே வழக்கம். அந்த வரிசையில் டஜன் கணக்கில் மங்குத் தட்டுகளும் ஜாடிகளும் கோப்பைகளும் இடம் பெற்றன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் வீடுகளில் சாப்பாடு வாழை இலையில். காபி டவரா டம்ளரில். பீங்கான் தட்டிலும் கோப்பையிலும் உண்டு குடிப்பது விருந்தாளிகளுக்கும் துரைமார்களுக்கும் மட்டும். ஆகவே இங்கிலாந்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை தேய்த்துத் தேய்த்துப் பொன்வரி மங்கிப்போன செட்டு, இங்கே பூட்டிய அறையில் புத்தம் புதிதாக இருப்பது உண்டு.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது நகரத்தார் பெரும்பாலோர் தொழிலை விட்டு ஊர் திரும்பினர். 1948இல் பர்மா அரசு நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்கு வாரிசுகள் பத்து, இருபது, ஐம்பது என்று பெருகியபின் பராமரிக்க ஆளில்லை. அப்படிக் கலைந்த வீடுகளின் சாமான்கள் வந்து சேரும் இடமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு வளர்ந்தது. அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பழைய விளக்கு, ஆங்கிலேயத் தட்டு எல்லாம் ஒன்றாகக் குவிந்திருப்பதை இன்றும் காணலாம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. வெளியூர், வெளிநாட்டுப் பயணிகளும் இந்தத் தெருவுக்கு வருகிறார்கள். வாங்குகிறவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. விற்கிற வீட்டாருக்குத்தான் தெரிவதில்லை.

போன் சைனா என்பது என்ன?

பீங்கானில் பல இனங்கள் உண்டு. துவரம்பருப்பில் முதல் ரகம், இரண்டாம் ரகம் பிரிப்பது போல இதையும் பிரித்தறிய வேண்டும்.

சீனர்கள் வெண்களிமண்ணும் ஒருவகைப் பாறைத் தூளும் சேர்த்து மிகுந்த வெப்பத்தில் சுட்டு, ஒளி ஊடுருவும் பீங்கானைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். ஐரோப்பியர் அதை வாங்கித்தான் பயன்படுத்தினர். இங்கிலாந்தில் தாமஸ் ஃப்ரை என்பவர் 1740களில், லண்டனை ஒட்டிய போ என்ற இடத்துத் தொழிற்சாலையில், களிமண்ணோடு எலும்புச் சாம்பல் சேர்க்கும் முறையைக் கையாண்டார். அதை நல்ல பதத்துக்குக் கொண்டுவந்து வியாபாரச் சரக்காக ஆக்கியவர்கள் ஸ்டோக் நகரின் ஸ்போடு குடும்பத்தார். தந்தை 1797இல் மறைந்தபின் மகன் அதைப் பெரிய அளவில் விற்றார். சுமார் பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு வெண்களிமண், கால் பங்கு கார்ன்வால் பகுதிப் பாறைத்தூள் என்பது அந்தக் கலவை. எலும்பு பெரும்பாலும் மாட்டெலும்பு.

இதற்குப் பின்னால் வரியின் கதையும் இருக்கிறது. 1784இல் இங்கிலாந்து அரசு தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. தேயிலை மலிந்தது. டீ குடிப்பவர் பெருகினர். டீ குடிக்கக் கோப்பை வேண்டுமல்லவா? 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. ஒரு பக்கம் தேவை கூடியது, மறு பக்கம் வரத்து குறைந்தது. அந்த இடைவெளியில் ஸ்டோக் நகரத்துச் சூளைகள் வளர்ந்தன. ஒரு சரக்கின் வரி குறைந்தால் பக்கத்துச் சரக்கின் வியாபாரமும் உயரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கையிலெடுத்துப் பார்க்கும் ஐந்து சோதனைகள்

முதலாவது, வெளிச்சம். தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, பின்புறம் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். செல்போன் டார்ச் இருந்தால் போதும். போன் சைனாவில் விரலின் நிழல் தெரியும். சாதாரண மண் பீங்கானில் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, நிறம். போன் சைனாவின் வெண்மை பால் கலந்தாற்போல் இதமாக இருக்கும். சீன, ஜெர்மானிய, ஜப்பானியப் பீங்கான் பலவற்றில் சற்றே நீலம் அல்லது சாம்பல் சாயல் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். நாம் அரிசியைக் கறுப்புத் துணியில் பரப்பிப் பார்ப்பது போல, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஓசை. தட்டை விரல் நுனிகளில் ஏந்தி விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டினால் மணி போல் நீண்ட ஓசை வர வேண்டும். 'டப்' என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. மண்பானை வாங்கும் நம் பெண்கள் செய்யும் அதே சோதனைதான் இது.

நான்காவது, கனமும் மெலிவும். போன் சைனாவுக்குப் பலம் அதிகம். அதனால் மெலிதாகச் செய்ய முடியும். கைக்கு லேசாக இருந்து, தோற்றத்தில் மெலிந்து, அதே சமயம் உறுதியாக இருப்பது நல்ல அடையாளம்.

ஐந்தாவது, மேல் மெருகு. மெருகில் சிலந்தி வலை போல நுண்ணிய கீறல்கள் ஓடி, அவற்றில் பழுப்பு ஏறியிருந்தால் அது பெரும்பாலும் மண் பீங்கான். நல்ல போன் சைனாவில் இப்படி வலை விழுவது அரிது. பூ வேலைப்பாட்டையும் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாகவோ கோடு கோடாகவோ ஒரே சீராக இருந்தால் அச்சு. தூரிகை இழுப்பு தெரிந்து, ஒரு பூவுக்கு ஒரு பூ சற்று மாறினால் கைவேலை. அச்சுக்கு மேல் கையால் வண்ணம் தீட்டியதும் உண்டு.

அடியில் இருக்கும் ஜாதகம்

இந்த ஐந்தும் முடிந்தபின் தட்டைக் கவிழ்க்க வேண்டும். நாம் மூட்டையில் மார்க்கைப் பார்ப்பது போல, பீங்கானுக்கு அடி முத்திரைதான் மார்க். அதைப் படிக்கச் சில ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட வடிவங்களுக்கு வைர வடிவ முத்திரை இட்டனர். அதன் மூலைகளில் இருக்கும் எழுத்துகளும் எண்களும் பதிவு நாளைக் காட்டும். 1884 முதல் அது நின்று, 'ஆர்.டி. நம்பர்' என்று தொடர் எண் வந்தது. 1இல் தொடங்கிய அந்த எண் 1900 தொடக்கத்தில் சுமார் மூன்றரை லட்சத்தை எட்டியது. எண்ணைப் பார்த்தே காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். அது வடிவம் பதிவான காலம் என்பதை மறக்கக் கூடாது. தட்டு அதற்குப் பல ஆண்டு பின்னால் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

1891 முதல் அமெரிக்கச் சட்டப்படி இறக்குமதிச் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆகவே 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு. 'போன் சைனா' என்ற சொற்களே அடியில் இருந்தாலும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்குதான். "நூற்றைம்பது வருஷத்துச் சாமான்" என்று சொல்லி, அடியில் 'போன் சைனா, மேட் இன் இங்கிலாந்து' என்று அச்சிட்ட தட்டைக் காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

பட்டப் பெயரும் உதவும். டெர்பி நகரத் தொழிற்சாலைக்கு 'ராயல்' பட்டம் 1890இல் கிடைத்தது. டால்டன் கம்பெனிக்கு 1901இல் கிடைத்தது. ஆகவே 'ராயல் டால்டன்' என்று அடியில் இருக்கும் எதுவும் 1901க்கு முந்தியதாக இருக்க முடியாது. ராயல் ஆல்பர்ட்டின் 'ஓல்டு கன்ட்ரி ரோசஸ்' என்ற ரோஜாப்பூ மாதிரி 1962இல்தான் வந்தது. அது உலகெங்கும் பெருமளவில் விற்ற மாதிரி. அழகானதுதான், அபூர்வமானதன்று.

முத்திரையே இல்லாத சாமானைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. ஆரம்ப காலத்தில் பலர் மாதிரி எண்ணை மட்டும் கையால் எழுதினார்கள். அப்படிப்பட்டது கிடைத்தால் அவசரப்பட்டு விற்காமல் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

மற்ற நாட்டுச் சரக்குக்கும் இதே வழி உண்டு. 'நிப்பான்' என்றிருந்தால் பெரும்பாலும் 1891 முதல் 1921 வரையிலான ஜப்பான் சரக்கு. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றிருந்தால் உலகப்போர் முடிந்து 1952க்குள் செய்தது. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918இல் பிறந்து 1992 முடிவில் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பெயர் இருந்தால் காலம் தானே தெரிந்துவிடும்.

ஒரே பெயர், வேறு கடை

ஒரு கடையின் பெயர் பிரபலமானால் பக்கத்திலேயே அதே போன்ற பெயரில் இன்னொரு கடை வருவது நமக்குப் பழக்கமானதுதான். பீங்கானிலும் அப்படியே. ஜோசையா வெட்ஜ்வுட் 1759இல் தொழில் தொடங்கினார். 1765இல் அரசி சார்லட்டுக்கு டீ செட் செய்து கொடுத்து, 'அரசிக்குப் பீங்கான் செய்பவர்' என்ற பட்டம் பெற்றார். அதைத் தம் விளம்பரமாகவே ஆக்கினார். லண்டனில் காட்சிக்கூடம் வைத்தார். வண்டியில் போகும்போது சரக்கு உடைகிறது என்று கால்வாய் வெட்ட முன்னின்றார். அந்தக் கால்வாய் 1777இல் முடிந்தது.

அவருடைய பெயருக்கு மதிப்பு ஏறியதும், ஸ்டாக்டன் ஊரின் வில்லியம் ஸ்மித் கம்பெனி அதே பெயரைத் தன் சரக்கில் குத்தியது. 1848இல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. டன்ஸ்டால் ஊரில் 'வெட்ஜ்வுட் அண்டு கோ' என்று வேறொரு கம்பெனியும் இருந்தது. அது ஈனாக் வெட்ஜ்வுட் என்பவருடையது, தனிக் குடும்பத் தொழில். எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்காமல் 'வெட்ஜ்வுட்' என்று பார்த்தவுடன் விலை ஏற்றிக் கொடுத்தால் நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அசல் வெட்ஜ்வுட்டாகவே இருந்தாலும் எல்லாம் போன் சைனா அல்ல. அரசிக்குச் செய்தது பாலேடு நிற மண் பீங்கான். போன் சைனாவை அந்தக் கம்பெனி 1812இல் தொடங்கிச் சுமார் பத்தாண்டில் விட்டுவிட்டு, 1878இல்தான் மறுபடி எடுத்தது. ஆகவே பெயரைப் பார்த்த பிறகும் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பதே சரி.

புதிய சரக்கையும் கவனிக்க வேண்டும். ஸ்போடு 2008இலும் வெட்ஜ்வுட் குழுமம் 2009 ஜனவரியிலும் நொடித்து, பின்னர் கைமாறின. ராயல் டால்டனின் பர்ஸ்லம் தொழிற்சாலை 2005இல் மூடப்பட்டது. பழைய பெயர்களில் இந்தோனேசியாவில் செய்த சரக்கும் சந்தையில் இருக்கிறது. தரத்தில் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைப் பழைய இங்கிலாந்துச் சரக்கின் விலைக்கு விற்பது வேறு விஷயம்.

ஒரு வீட்டில் செய்த பிரிவினை

அரிசி மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு எங்களை அழைத்துப்போனார். ஓர் அறை முழுக்கப் பீங்கான். தரகர் ஒருவர் ஏற்கெனவே வந்து, எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தொகை சரியா தவறா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அறையில் என்ன இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

பாயை விரித்து எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தோம். நான்கு குவியல் பிரித்தோம். முதல் குவியல் இங்கிலாந்துப் போன் சைனா. இரண்டாவது இங்கிலாந்து மண் பீங்கான். மூன்றாவது ஜப்பான், ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா. நான்காவது எனாமலும் உடைந்ததும். பிறகு ஒவ்வொரு குவியலிலும் மாதிரிவாரியாக எண்ணி, ஒரு நோட்டில் பெயர், முத்திரை, எண்ணிக்கை, பழுது என்று நான்கு கட்டம் போட்டு எழுதினோம். பாதி நாள் வேலை. முடிந்தபோது ஒரு முழு டீ செட் மூன்று பெட்டிகளில் சிதறிக் கிடந்தது தெரியவந்தது. தரகர் கேட்ட 'மொத்த விலை'யில் அது உதிரிக் கோப்பையாகத்தான் கணக்காகியிருக்கும்.

பட்டியலை வாரிசுகள் எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்து வந்த தரகர் பட்டியலைப் பார்த்துத்தான் பேசினார். வீட்டு மூத்த அம்மாள் அந்த டீ செட்டைத் தம் பங்காக எடுத்துக்கொண்டார். அவர் எடுத்ததன் மதிப்பு என்ன என்பது மற்றவர்களுக்கும் தெரிந்திருந்ததால் பேச்சு எழவில்லை. நாம் விலையே சொல்லவில்லை. சரக்கு இன்னதென்று மட்டும் சொன்னோம். அதுவே சண்டையைத் தடுத்தது.

விலை எதனால் ஏறும், எதனால் இறங்கும்?

முதலில் முழுமை. ஆங்கிலேய டீ செட் என்றால் வழக்கமாக 21 உருப்படி. கோப்பை 6, சாசர் 6, சிறு தட்டு 6, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், கேக் தட்டு ஆகியவை சேர்ந்து 21. டீபாட் பெரும்பாலும் தனிக் கணக்கு. கோப்பை, சாசர், சிறு தட்டு மூன்றும் ஒரே மாதிரியில் சேர்ந்தால் ஒரு கூட்டு. கூட்டாக விற்றால் ஒரு விலை. பிரித்து விற்றால் மூன்றும் சேர்ந்து அந்த விலைக்கு வராது.

குறைந்த உருப்படிக்கும் சந்தை உண்டு என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 'ரீபிளேஸ்மென்ட்ஸ்' என்ற நிறுவனம் 1981இல் தொடங்கப்பட்டது. உற்பத்தி நின்றுபோன மாதிரிகளில் உடைந்த ஒரு சாசருக்குப் பதில் இன்னொரு சாசர் தருவதுதான் அதன் தொழில். அதிலேயே அது பெரிய நிறுவனமாக வளர்ந்துவிட்டது. ஒற்றைச் சாசரும் அதன் ஜோடியைத் தேடுகிறவருக்குத் தங்கம்.

இரண்டாவது பழுது. விளிம்புச் சில்லு, மயிரிழை விரிசல், பொன்வரித் தேய்வு, ஒட்டு வேலை ஆகியவை விலையைப் பாதிக்கு மேல் இறக்கும். நல்ல பசை இல்லாத அந்தக் காலத்தில் உடைந்த பீங்கானைத் துளையிட்டு உலோகக் கம்பியால் தைத்தார்கள். அதைப் பழமையின் அடையாளமாக விரும்பி வாங்குகிறவர் சிலர் உண்டு. ஆனால் விற்கும்போது மறைக்கக் கூடாது.

மூன்றாவது தேவை. மேல்நாடுகளில் இளையவர்கள் பெரிய விருந்துச் செட்டுகளை விரும்புவதில்லை. வீடு சிறிது, கழுவ ஆளில்லை. ஆகவே 60, 80 உருப்படி கொண்ட விருந்துச் செட்டுக்கு முன்பிருந்த மதிப்பு இறங்கிவிட்டது. டீ கூட்டு, தனி டீபாட், அபூர்வமான கைவேலை ஆகியவற்றுக்கு மதிப்பு நிற்கிறது. "பழசு என்றால் லட்சம்" என்ற நினைப்பு வேண்டாம். வீட்டாருக்கும் அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

விற்க நினைப்பவர்கள் காரைக்குடி ஒன்றிலேயே நிற்க வேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடைகள் உண்டு. சென்னையில் மர்ரே ஏல நிறுவனம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. பழந்தமிழ் நூல்களை மலிவு விலையில் பதிப்பித்த மர்ரே எஸ். ராஜம் அந்த நிறுவனத்தவரே. இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தபின் பேசுவதே வணிக முறை.

சட்டத்தை மறக்க வேண்டாம்

1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவற்றை விற்பதைத் தொழிலாக நடத்த உரிமம் வேண்டும். ஆகவே உபதொழிலாக இதில் இறங்க நினைக்கும் உறுப்பினர்கள் முதலில் தொல்லியல் துறை அலுவலகத்திலும் வழக்கறிஞரிடமும் விவரம் கேட்டுக்கொள்வது அவசியம்.

விருந்துச் செட்டோடு வரும் பழைய கத்தி, முள்கரண்டிகளில் யானைத் தந்தப் பிடி இருக்கக்கூடும். வனவிலங்குச் சட்டம் 1986இல் இந்தியத் தந்த வியாபாரத்தையும், 1991இல் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் தடை செய்தது. எவ்வளவு பழையதானாலும் அதை விலை பேசக் கூடாது.

வாரிசு ஒருவரிடம் மட்டும் ரொக்கம் கொடுத்து வாங்கிவரவும் கூடாது. பொதுச் சொத்தாயிருந்தால் எல்லோர் கையொப்பமும் வேண்டும். பட்டியலும் ரசீதும் இல்லாத சரக்கு திருட்டுச் சரக்காக இருந்துவிட்டால் காவல் நிலையப் படி ஏற வேண்டி வரும்.

புழங்குவதும் பாதுகாப்பதும்

பழைய மெருகிலும், அதன் மேல் இட்ட வண்ணத்திலும் ஈயம், காட்மியம் இருக்கக்கூடும். புளிப்புப் பட்டால் அவை உணவில் இறங்கும். நம் சமையலோ புளி இல்லாமல் இல்லை. ஆகவே பழைய பீங்கானில் ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், தயிர் வைத்துப் புழங்க வேண்டாம். குழந்தைகளுக்கு அதில் கொடுக்கவே கூடாது. அலமாரியில் அழகுக்கு வைப்பதே உத்தமம்.

கழுவுவதானால் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். சாம்பல், தேங்காய்நார், கம்பி நார், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஆகாது. பொன்வரி உள்ளதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. டீக்கறைக்குச் சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டு மெல்லத் துடைக்கலாம். அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு நடுவே துணியோ காகிதமோ வைக்க வேண்டும். கோப்பையைக் காதில் மாட்டித் தொங்கவிட வேண்டாம். பழைய காது எடை தாங்காது.

கடைசியாக, விற்கிறவர் வாயால் சொல்ல வேண்டிய ஒன்று. போன் சைனாவில் எலும்புச் சாம்பல் இருக்கிறது. பழையதானாலும் புதியதானாலும் அதுவே முறை. நம்மூரில் சுத்த சைவம் கடைப்பிடிக்கும் வீடுகள் அதிகம். பூஜை அறைக்கென்றும் நைவேத்தியத்துக்கென்றும் தெரியாமல் வாங்கிப் போகிறவர் உண்டு. "இது எலும்பு கலந்தது, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு விற்றால் ஒரு விற்பனை தவறலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் பருப்பு வாங்கவும் எண்ணெய் வாங்கவும் நம் கடைக்கே வருவார்.

வீட்டில் பழைய பீங்கான் உள்ள உறுப்பினர்கள் வருகிற விடுமுறை நாளில் அவற்றைப் பரணிலிருந்து இறக்கி, கவிழ்த்துப் பார்த்து, நான்கு கட்டம் போட்ட நோட்டில் பதிந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விற்பதும் வைத்துக்கொள்வதும் அவரவர் விருப்பம். பாகப்பிரிவினைக்கு அழைக்கப்படும் உறுப்பினர்கள், பட்டியல் எழுதி முடிக்கும்வரை வாயிலிருந்து விலை வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.